அமைதியான கடற்கரையில் குழந்தையோடு தங்குவதற்கு முன்

2024 மே 5. கன்னியாகுமரி மாவட்டம் தேங்காப்பட்டினம் கடற்கரையில் அப்பாவோடு நின்றிருந்த 7 வயதுச் சிறுமியை அலை இழுத்துக்கொண்டு போனது. அப்பாவைக் காப்பாற்றினார்கள், மகளைக் காப்பாற்ற முடியவில்லை. மறுநாள் அதே மாவட்டத்தின் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் 5 பேர் உயிரிழந்தார்கள். அந்த நாட்களில் அங்கே புயல் எதுவும் இல்லை. கோடை விடுமுறை நடந்துகொண்டிருந்தது.

கேரள, குமரி மீனவர்கள் இப்படிப்பட்ட கடலைக் 'கள்ளக்கடல்' என்பார்கள். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடிக்கும் கடுங்காற்று கிளப்பும் அலை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து சில நாட்கள் கழித்து நம் கரையில் வந்து ஏறும். உள்ளூர் வானத்தைப் பார்த்து அதைக் கணிக்க முடியாது. ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இதை முன்கூட்டியே கணித்து அறிவிக்கிறது. அந்த மே மாதத்திலும் எச்சரிக்கை வந்திருந்தது. கடலுக்குப் போகிறவர்கள் இந்த அறிவிப்பைத் தேடிப் பார்க்கிறார்கள். விடுமுறைக்கு வீடெடுத்துத் தங்குகிறவர்களில் எத்தனை பேர் பார்க்கிறார்கள்?

கூட்டமில்லாத ஊர், வாசலில் மணல், இரவெல்லாம் அலைச்சத்தம். சிறு குழந்தை உள்ள குடும்பங்கள் முட்டம், தேங்காப்பட்டினம், மணக்குடி போன்ற ஊர்களைத் தேடி வருவது இதற்காகத்தான். அந்த ஆசையில் தவறே இல்லை. ஆனால் ஆள் நடமாட்டம் இல்லாத கரையில் ஆபத்தென்றால் ஓடிவரவும் ஆள் இருக்காது என்பதை முன்பணம் அனுப்புவதற்கு முன்பே நினைத்துப் பார்க்க வேண்டும். மெரினாவில் காவலர் விசில் ஊதுவார். சின்னக் கடற்கரைக் கிராமத்தில் பெரும்பாலும் உயிர்காப்பாளர் இல்லை, எச்சரிக்கைப் பலகை இல்லை, குழந்தை மருத்துவரும் இல்லை.

குமரியின் மேற்குக் கரையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழைக் கடல். கிழக்குக் கரையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் கடல். இந்த மாதங்களில் குழந்தையின் கால் அலையில் படாமல் இருப்பதே நல்லது. மற்ற மாதங்களிலும் இரண்டு இடங்களை ஒதுக்கிவிட வேண்டும். ஒன்று, ஆறு கடலில் சேரும் பொழிமுகம். இன்னொன்று, கடல் அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவு. பாசி பிடித்த கல் வழுக்கும். கல்வரிசையை ஒட்டிக் கடலுக்குள் இழுக்கும் ஓட்டமும் அங்கேதான் பலமாக இருக்கும்.

இந்த இழுப்பைக் கண்ணால் அடையாளம் காணலாம். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் அலையில்லாமல், கலங்கலாக, நுரையைக் கடல் பக்கம் கொண்டுபோவது தெரியும். புதிதாக வருபவர்கள் 'இங்கேதான் தண்ணீர் சாந்தமாக இருக்கிறது' என்று குழந்தையை இறக்குவது சரியாக அந்த இடத்தில்தான். பெரியவர் யாராவது அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பைவிட்டு வெளியே வந்த பிறகு கரை திரும்ப வேண்டும். காற்றடைத்த ரப்பர் வளையத்தை நம்பவே கூடாது. காலையில் நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் காற்று அதைக் குழந்தையோடு தள்ளிக்கொண்டு போய்விடும்.

வலை சரிசெய்துகொண்டிருப்பவரிடம் "அண்ணே, இன்னைக்குக் கடல் எப்படி இருக்கு?" என்று கேட்டால் போதும். "பிள்ளைய கூட்டிட்டு இறங்காதீங்கம்மா" என்று அவர் சொன்னால், அதற்கு மேல் வேறு எந்த விளக்கமும் வேண்டியதில்லை.

உலகச் சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, நீரில் மூழ்கி இறப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் 5 வயதுக்குட்பட்ட குழந்தை. மூழ்கும் குழந்தை சினிமாவில் காட்டுவதுபோல் கத்தாது, கையாட்டாது. தலை பின்னால் சாயும், வாய் நீர்மட்டத்தில் இருக்கும், சத்தமே வராது. 'பத்தடி தள்ளித்தானே உட்கார்ந்திருந்தோம்' என்று பெற்றோர் பிறகு கதறுவது இதனால்தான். கைநீட்டினால் தொடும் தூரத்தில் ஒருவர் நிற்க வேண்டும். அவர் கையில் செல்போன் இருக்கக் கூடாது.

தண்ணீரிலிருந்து தூக்கிய குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் நம் ஊர்களில் இன்னும் நடக்கிறது. உயிர் பிழைக்க இருக்கும் நிமிடங்களை அது தின்றுவிடுகிறது. மூச்சு இல்லையென்றால் குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, முதலில் வாயோடு வாய்வைத்து மூச்சு ஊத வேண்டும். கைக்குழந்தையென்றால் வாயையும் மூக்கையும் சேர்த்து மூடி ஊத வேண்டும். அடுத்து, நடு மார்பில் 30 முறை அழுத்தி, 2 முறை ஊதி, 108 ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் தொடர வேண்டும். பிழைத்து எழுந்துவிட்டாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோவது கட்டாயம்.

108க்கு வீட்டின் அடையாளம் சொல்லத் தெரிய வேண்டும். தெருப்பெயர்ப் பலகை இல்லாத ஊரில் எந்தக் குருசடிக்குப் பக்கத்து வீடு, எந்த ஐஸ் பிளாண்ட் வழியே திரும்ப வேண்டும் என்பதை முதல் நாளே எழுதிக் கதவில் ஒட்டிவிடலாம். கடலோரக் காவல் குழுமத்துக்கு 1093, இந்தியக் கடலோரக் காவல்படைக்கு 1554.

கடலைவிட வீட்டுக்குள் இருக்கும் ஆபத்து எளிதில் கண்ணில் படுவதில்லை. நடக்கப் பழகும் குழந்தை மூழ்க ஒரு வாளித் தண்ணீர் போதும். கிணற்றுக்கு மூடி இருக்கிறதா, தொட்டியின் இரும்பு மூடி துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உப்புக்காற்றில் ஸ்விட்ச் பெட்டியும் வெளிவிளக்கின் வயரும் சீக்கிரம் அரித்துப்போகும். மின்கசிவைத் துண்டிக்கும் கருவி பொருத்தப்பட்டிருக்கிறதா என்று உரிமையாளரிடம் கேட்பது குற்றம் கண்டுபிடிப்பதல்ல.

கடலோரக் கிணற்று நீர் உப்பேறியிருக்கலாம். குழந்தைக்கு உப்பில்லாத நீரைக் கொதிக்கவைத்துத்தான் கொடுக்க வேண்டும். வயிற்றுப்போக்கு தொடங்கினால் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் குறிப்பிட்ட அளவு தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். பொட்டலம் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். நாய் கடித்தால், பல் லேசாகப் பட்டிருந்தாலும், சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி அன்றே தடுப்பூசி போட வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம்.

அவசரமாக வரும் நோயாளிக்கு முதலுதவி தர எந்த மருத்துவரும், தனியார் மருத்துவமனை உட்பட, மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. முன்பணம் கட்டினால்தான் பார்ப்போம் என்று யாராவது சொன்னால், பெற்றோர் தயங்காமல் இந்தத் தீர்ப்பைச் சொல்லலாம்.

இனி தங்கும் இடத்தின் பொறுப்பு. இதில்தான் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். 'நீச்சல் குளத்தில் நேரும் விபத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்ற பலகையைப் பார்த்ததும், இனிக் கேட்க ஒன்றுமில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். அது உண்மையல்ல. கேரளத்தின் கோவளத்தில், மாநிலச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் சமுத்ரா ஓட்டலில் 2006இல் தங்கியிருந்த ஒருவர் நீச்சல் குளத்தில் உயிரிழந்தார். குளத்தைக் கவனிக்க வேண்டிய உயிர்காப்பாளருக்கு மதுக்கூட வேலையும் சேர்த்துக் கொடுக்கப்பட்டிருந்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் அவர் குடும்பத்துக்கு 62.5 லட்சம் ரூபாய் வழங்கச் சொன்னது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே 2019இல், ஓட்டல் ஊழியரிடம் நிறுத்தக் கொடுத்த கார் திருடுபோன இன்னொரு வழக்கிலும், 'உரிமையாளர் பொறுப்பிலேயே' என்று அச்சிட்ட சீட்டைக் காட்டித் தன் கவனக்குறைவிலிருந்து ஓட்டல் தப்ப முடியாது என்று அந்த நீதிமன்றம் சொன்னது. காருக்கே அப்படியென்றால் குழந்தைக்கு எப்படி இருக்க வேண்டும்?

காயப்பட்டது குழந்தையென்றால் பெற்றோரும் நுகர்வோர்தான். ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கில் 1998இல் உச்ச நீதிமன்றம் குழந்தைக்கும் பெற்றோரின் மனவேதனைக்கும் தனித்தனியாக இழப்பீடு உண்டு என்று ஏற்றது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விபத்து குமரியில் நடந்திருந்தாலும் மதுரைக்காரர் மதுரை மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. 2 ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். வழக்குக்கு முன் ஆலோசனை கேட்க 1915. படத்தில் காட்டியது ஒன்று, கிடைத்த வீடு வேறு என்றால், முன்பதிவு செய்த இணையதளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் அலட்சியம் பாரதிய நியாய சன்ஹிதாவின் 125ஆம் பிரிவில் குற்றம். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். 'எங்கள் எல்லை இல்லை' என்று திருப்பி அனுப்பக் கூடாது. முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். மூடியில்லாத கிணறு, உடைந்த கம்பி, ஆளில்லாத குளம் எல்லாவற்றையும் தேதி நேரத்தோடு அன்றே படம் எடுத்து வைக்க வேண்டும். மறுநாள் மூடி போட்டுவிடுவார்கள்.

'தனியார் கடற்கரை' என்ற பலகைக்கும் சட்டத்தில் இடமில்லை. அலை ஏறி இறங்கும் கரை எந்த ரிசார்ட்டுக்கும் சொந்தமல்ல. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, இரண்டு ரிசார்ட்டுகளுக்கு நடுவே பொதுமக்கள் போக 20 மீட்டர் வழி விடச் சொல்கிறது. அதே சமயம், படகு ஏற்றும் கரையும் மடி வலை இழுக்கும் இடமும் மீனவர்களின் பணியிடம். கயிறு இழுக்கும்போது நடுவில் குழந்தையை ஓடவிடாமல் பார்த்துக்கொள்வது வருகிறவர் கடமை.

வீட்டு உரிமையாளரோடு முடியாத குறைகளும் உண்டு. கரையில் எச்சரிக்கைப் பலகையும் கயிறு கட்டிய மிதவை வளையமும் வைப்பது நிர்வாகத்தின் வேலை. திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் வெளியூர்க்காரரும் இதைக் கேட்டு மனு கொடுக்கலாம். நேரில் போக முடியாதவர்கள் முதல்வரின் உதவி மையத்தை 1100 எண்ணில் அழைத்துப் பதிவுசெய்யலாம். எந்தக் கரை, பொழிமுகத்திலிருந்து எவ்வளவு தூரம், பலகை எங்கே வேண்டும் என்று இடம் குறித்து எழுதி, மனு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.