தேரிச் சிவப்பு, அளத்து ரோஜா

தூத்துக்குடிப் பக்கம் இலையுதிர்காலம் கிடையாது. உடைமரம் பச்சையாகவே நிற்கும். பனை காய்ந்த ஓலையைத் தொங்கவிட்டபடி இருக்கும். ஆனாலும் புரட்டாசி தொடங்கிக் கார்த்திகை முடிய இந்தக் கரை நிறம் மாறிக்கொண்டே இருக்கிறது. அதைக் காண மரத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. உப்பளத்துப் பாத்தியையும் தேரி என்னும் செம்மணல் மேட்டையும் குனிந்து பார்க்க வேண்டும்.

உப்பளத்தில் வேலை தை, மாசியில் சூடுபிடித்து, ஐப்பசி மழையோடு ஓய்கிறது. முள்ளக்காடு, முத்தையாபுரம், வேப்பலோடை, ஆறுமுகநேரி என்று கரை நெடுகப் பாத்திகள். உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு என்றால், அதற்குப் பெரும்பாலும் இந்த மாவட்டம்தான் காரணம். பருவத்தின் கடைசி வாரங்களில், மழை எப்போது வருமோ என்று அளத்துக்காரர்கள் வானத்தைப் பார்க்கத் தொடங்கும் நேரத்தில், சில பாத்திகளின் நீர் ரோஜா நிறத்தில் கிடக்கும். சில செங்கல் நிறத்தில். பக்கத்துப் பாத்தியோ வெளிர்பச்சையாக இருக்கும்.

இந்த நிறம் உயிருள்ளது. கடல்நீரில் உப்பு சுமார் 3.5 சதவீதம். கடல்நீரைத் தேக்கும் தெப்பத்திலும் அடுத்தடுத்த பாத்திகளிலும் வெயில் அதைச் சுண்டவைத்துக்கொண்டே போக, 25 சதவீதத்தைத் தாண்டும் கட்டத்தில் உப்பு விளையத் தொடங்குகிறது. அந்தக் கரிப்பைத் தாங்கி வாழ்பவை மிகச் சில. ஒன்று, துனாலியெல்லா சலைனா என்ற நுண்பாசி. கடும் வெயிலிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள அது பீட்டா கரோட்டினைச் சேர்த்துவைக்கிறது. கேரட்டுக்கு நிறம் தரும் அதே பொருள். இன்னொன்று, உப்பை விரும்பும் ஹாலோ ஆர்க்கியா நுண்ணுயிர்கள். அவற்றின் உடலிலும் கரோட்டினாய்டு வகைச் சிவப்பு உண்டு.

இலை நிறம் மாறும் ஊர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அக்டோபரில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பாலைநிலத்தில் ரியோ கிராண்ட் ஆற்றங்கரைக் காட்டன்வுட் மரங்கள் பொன்மஞ்சளாக மாறும்போது, கேமராவைத் தூக்கிக்கொண்டு அங்கே கூட்டம் கூடுகிறது. குளிர் நெருங்கியதும் இலையின் பச்சையம் சிதைந்துபோக, அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. அந்த மஞ்சளும் கரோட்டினாய்டுதான். மழைக்குப் பின் நம் உப்பளங்களுக்கு வரும் பூநாரைகளின் இறகிலும் அதே குடும்பத்து நிறமே இருக்கிறது. தின்னும் பாசியிலிருந்தும் சிற்றுயிர்களிலிருந்தும் அதைப் பெறுகின்றன. ஆக, அந்த ஊர் இலைக்கும் இந்த ஊர் உப்புநீருக்கும் பறவைக்கும் வண்ணம் தீட்டுவது ஒரே வேதிக் குடும்பம். இலை உதிராத ஊரில் இலையுதிர்கால வண்ணம் கிடைக்கும் அதிசயத்தை இதைவிட அழகாக யாரும் ஏற்பாடு செய்திருக்க முடியாது.

படம் எடுக்கப் போகிறவர்களை உப்பு ஏமாற்றிவிடும். கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கவே முயலும். வெள்ளை வெளேரென்ற உப்பு அம்பாரம் படத்தில் அழுக்கு வேட்டியாக வந்து நிற்பது அதனால்தான். எக்ஸ்போஷரை ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூட்டிவைத்தால் வெள்ளை வெள்ளையாக வரும். ரோஜா நீருக்கு வேறு கணக்கு. காலையிலும் மாலையிலும் பாத்தி வானத்தைத்தான் காட்டும். நீரின் சொந்த நிறம் அந்தப் பிரதிபலிப்புக்குள் ஒளிந்துகொள்ளும். வெயில் நன்றாக ஏறிய பிறகு போலரைசர் ஃபில்டரை மாட்டித் திருப்பினால் மினுமினுப்பு விலகி நிறம் எழும்பும். செல்போன் போதும் என்பவர்கள், திரையில் உப்பைத் தொட்டு வெளிச்சத்தை மேலே தள்ளிக்கொள்ளலாம். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கருவியைத் துடைத்துவிடுவது முக்கியம். உப்பு உலோகத்தை அரித்துவிடும்.

ஆனால் உப்பளம் ஒரு காட்சிசாலை இல்லை. வெயிலுக்குத் தப்ப, விடியும் முன்பே ஆணும் பெண்ணும் பாத்தியில் இறங்கி வாருபலகையால் உப்பை வாருகிறார்கள். படமெடுப்பவருக்கு அழகாகத் தெரியும் வெள்ளை, ஆண்டுக்கணக்காகப் பார்ப்பவர்களின் கண்ணைக் கெடுக்கிறது. உப்புநீர் காலைப் புண்ணாக்குகிறது. ரோஜா நீரில் ஒரு கறுப்பு உருவமாக மட்டும் தொழிலாளியைக் காட்டும் படங்கள் ஏராளமாக வருகின்றன. அவற்றில் முகம் இல்லை. கிராமப்புற வாழ்வைப் பதிவுசெய்யும் பாரி இணைய இதழுக்காக ஒளிப்படக் கலைஞர் எம். பழனிக்குமார் இங்கே எடுத்த படங்கள் அப்படியல்ல. அவற்றில் உழைப்பவரின் கை தெரியும், முகம் தெரியும். பக்கத்தில் நின்று, பேசி, கேட்டுவிட்டு எடுத்தால்தான் அப்படி அமையும். மழை வந்துவிட்டால் இவர்களுக்கு வேலை இல்லை. அந்த மாதங்களுக்காக அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. வண்ணம் மாறும் பருவம் இவர்களுக்கு வருமானம் நிற்கும் பருவம் என்பதைத் தெரிந்துகொண்டு போகிறவர் எடுக்கும் படம் வேறாகத்தான் இருக்கும்.

உப்பளத்திலிருந்து தெற்கே போனால் தேரி. திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் இவற்றுக்கு நடுவே குதிரைமொழித் தேரி மட்டுமே சுமார் 12,000 ஏக்கர். குவார்ட்ஸ் மணல் துகள் ஒவ்வொன்றின் மேலும் இரும்பு ஆக்சைடு மெல்லப் படிந்து, பல ஆயிரம் ஆண்டுகளில் ஏறிய சிவப்பு இது. முன்பெல்லாம் ஆடிக்காற்றில் மேடு இடம் மாறும். வனத்துறை நட்ட முந்திரியும் மற்ற மரங்களும் மணலைப் பல இடங்களில் கட்டிப்போட்டிருக்கின்றன. மெஞ்ஞானபுரம், சாயர்புரம் பக்கத்துத் தேரிகளில் கிடைத்த சிறு கற்கருவிகளைப் பற்றி தொல்லியல் அறிஞர்கள் ஸோய்னரும் பிரிட்ஜெட் ஆல்சினும் 1956இல் எழுதினார்கள். மணலில் கூரான கல் கண்ணில் பட்டால் படம் எடுத்துவிட்டு அங்கேயே விட்டுவிட வேண்டும்.

தென்மேற்குக் காற்று அடங்கிப் புழுதி தணியும் புரட்டாசிக்குப் பிறகுதான் தேரி தன் முழு நிறத்தில் தெரியும். முதல் மழை விழுந்த மறுநாள் மணல் காவியிலிருந்து ஆழ்சிவப்புக்கு இறங்கும். அதன்மேல் பனங்கன்றின் பச்சை கண்ணைப் பறிக்கும். இங்கே கேமராவின் ஆட்டோ ஒயிட் பேலன்ஸை நம்பக்கூடாது. சிவப்பு அதிகமாக இருக்கிறதென்று தானே முடிவுகட்டி அதைக் குறைத்துவிடும். பகல்வெளிச்ச அமைப்பில் நிறுத்திவைத்தால் மணல் மணலாக இருக்கும். உப்பளத்துக்கு உச்சிவெயில் என்றால் தேரிக்குச் சாய்வெயில். காற்று வரைந்த வரிகள் அப்போதுதான் நிழலோடு எழும்.

மழை இங்கே எப்போதும் மென்மையாக வருவதில்லை. ஆண்டு முழுவதும் 650 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்யும் மாவட்டத்தில், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஊர்கள் மூழ்கின, உப்பளங்கள் வெள்ளத்தில் போயின.

ஆண்டுதோறும் டிசம்பர் நடுவில் காயாமொழி அருகே தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயிலில் கள்ளர் வெட்டுத் திருவிழா. கோயிலை ஒட்டிய தேரியில் இளநீர் வெட்டப்பட்டதும், அந்தச் செம்மண்ணை அள்ளிப் பக்தர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். தேரியின் சிவப்பை அதோடு வாழும் மனிதர்களுடன் ஒரே சட்டத்தில் பிடிக்க ஆண்டில் அதைவிட நல்ல நாள் கிடையாது. கூட்டம் நெருக்கும் என்பதால் அகலக்கோண லென்ஸும் முன்கூட்டியே பிடித்த இடமும் தேவைப்படும்.