ஒளியிழை இணைப்பும் வணிகரும்

கல்முனை வணிகர் ஒளியிழை இணைப்பைத் தெரிவு செய்யுங்கால் வேகத்தையும் கட்டணத்தையும் மட்டும் ஒப்புநோக்குதல் போதாது.

வேகம் பதிவிறக்கம், பதிவேற்றம் என இருவகைத்து. மருதமுனைக் கைத்தறி ஆடைகளின் படங்களை வெளியூர்க்கு அனுப்புவார்க்குப் பின்னதே இன்றியமையாதது.

இனி, மின்சாரத்தை நோக்குவோம். பழைய செப்புக்கம்பித் தொலைபேசி, நிலையத்திலிருந்தே மின் பெற்றது. ஆதலின் விளக்கணைந்தபோதும் பேசிற்று. கண்ணாடியிழையோ ஒளியையன்றி மின்னைச் சுமவாது. கருவிக்குக் கடையே மின் கொடுத்தல் வேண்டும். 2022 மார்ச் மாத இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின் தடைப்பட்டது. அத்தகைய நாளில், இழை அறாதிருப்பினும், மின்கலமில்லாக் கடையின் இணைப்பு நின்றுவிடும். அதனை நம்பிய அட்டைக் கொடுப்பனவும் நிற்கும்.

எனவே கருவிக்கு மின்கலமும், பழுது நீக்கும் காலத்துக்கு எழுத்துறுதியும், இடைக்காலத்துக்குக் கைத்தொலைபேசி இணைப்பும் தேடிக்கொள்க. இவற்றின் செலவையும் கூட்டிய பின்னரே எவ்விணைப்பு மலிவென்று துணிதல் தகும்.