கஞ்சித்தொட்டியும் சிப்பாய்ப் பொட்டலமும்

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கத்துப் பெரியவர்களிடம் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டால், சிலர் ஒரு கணம் யோசித்துவிட்டு, "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதானே?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள். ஸ்டான்லி என்ற கவர்னரின் பெயர் அந்த ஸ்தாபனத்துக்கு வந்து சேர்ந்தது 1930-களில்தான். கஞ்சித்தொட்டியோ அதற்கு நூற்றைம்பது வருஷம் மூத்தது. எத்தனை பெயர்ப் பலகை மாட்டினாலும், பசித்த வேளையில் சோறு கிடைத்த இடத்தை ஜனங்கள் அவ்வளவு சுலபத்தில் மறப்பதில்லை.

அந்தத் தொட்டியின் கதை 1782-ல் ஆரம்பிக்கிறது. ஹைதர் அலிக்கும் கும்பினியாருக்கும் நடந்த யுத்தத்தில் ஆற்காட்டுச் சீமை பாழாய்ப் போயிற்று. வயலும் இல்லை, விதை நெல்லும் இல்லை என்ற நிலையில் குடியானவர்கள் கூட்டங்கூட்டமாகச் சென்னைப் பட்டணத்தை நோக்கி நடந்தார்கள். பட்டணத்தின் வடக்கே அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஓர் இடம் ஏற்பட்டது. கிராம மணியக்காரரின் பெயரால் அது மணியக்காரர் சத்திரம் ஆயிற்று; வெள்ளைக்காரர்களின் நாவில் அது 'மோனிகார்' என்று உருமாறிற்று. கஞ்சிக்கு வந்தவர்களில் பாதிப்பேர் நோயாளிகளாக இருந்தால் என்ன செய்வது? 1799-ல் ஜான் அண்டர்வுட் என்ற டாக்டர் அங்கேயே வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய பெரிய ஆஸ்பத்திரி. வட சென்னையில் மருந்துக்கு முன்னால் கஞ்சி வந்தது என்பதைக் கவனியுங்கள்.

ஆபத்துக் காலத்தில் சோறு போடுவது புண்ணிய காரியம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் எவ்வளவு போடுவது? அந்தக் கேள்விக்கு விடை காண்பதற்குள் சென்னை ராஜதானி பட்டபாடு கொஞ்சநஞ்சமல்ல.

1876-ல் மழை பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அப்போது சென்னையில் இன்றைய துறைமுகம் கிடையாது. பர்மாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த அரிசி மூட்டைகளை நடுக்கடலில் நின்ற கப்பல்களிலிருந்து மசூலாப் படகுகளில் இறக்கி, அலைகளைத் தாண்டிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். கடற்கரை நெடுகத் தானிய மூட்டைகள் மலைமலையாகக் குவிந்து கிடந்ததற்குப் புகைப்படச் சாட்சியம் உண்டு. மூட்டை மலையின் அடிவாரத்தில் சிந்திய மணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் வேறு ரகம்.

டில்லியில் 1877 ஜனவரி முதல் தேதி விக்டோரியா ராணியைச் சக்கரவர்த்தினியாகப் பிரகடனம் செய்யும் தர்பார் வெகு தடபுடலாக நடந்தது. அதே மாதத்தில் சர் ரிச்சர்ட் டெம்பிள் என்பவரை வைஸ்ராய் லிட்டன் பிரபு சென்னைக்கு அனுப்பினார், பஞ்ச நிவாரணச் செலவைக் குறைக்கும்படி. அவர் கண்டுபிடித்த சிக்கனம் எளிமையானது. நிவாரண வேலை செய்யும் ஆண்பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம், அதற்கு மேல் ஓர் அணா. மண் வெட்டியும் கல் உடைத்தும் உழைக்கிற மனிதனுக்கு இது போதும் என்று அவர் தீர்மானித்தார். சாப்பிடப் போகிறவனை யாரும் கேட்கவில்லை.

எதிர்த்துப் பேசியவரும் ஒரு வெள்ளைக்காரர்தான். சென்னை ராஜதானியின் சுகாதாரக் கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ், உழைக்கும் உடம்பு ஒரு ராத்தலில் நிற்காது, தானியம் அதிகம் வேண்டும், வெறும் தானியம் மட்டும் போதாது, பருப்பும் வேண்டும் என்று வாதாடினார். நிவாரண முகாம்களில் மெலிந்துபோன கூலிகளின் உடம்பே அவருக்கு அத்தாட்சியாயிற்று. சில மாதங்களில் டெம்பிளின் அளவைக் கைவிட நேர்ந்தது. அதற்குள் இறந்தவர்கள் இறந்தவர்கள்தாம்.

இன்றைய கணக்கில் அந்த ராத்தலைச் சற்று நிறுத்துப் பார்ப்போம். ஒரு ராத்தல் என்பது ஏறக்குறைய 450 கிராம். அவ்வளவு அரிசியோ கேழ்வரகோ தரக்கூடிய சக்தி சுமார் 1,600 கலோரி. கடின உழைப்பாளிக்கு அதைப்போல் இரண்டு பங்கு வேண்டியிருக்கும். வீட்டில் சாய்வு நாற்காலியில் சாய்ந்து பத்திரிகை படிக்கிற நமக்கே 2,000 கலோரி ஆகிறது!

பஞ்சத்தில் வாடியவனுக்கு எவ்வளவு குறைத்துக் கொடுக்கலாம் என்று சர்க்கார்கள் கணக்குப் போட்ட அதே நூற்றாண்டில், சிப்பாய்க்கு எவ்வளவு கொடுத்தால் சண்டை போடுவான் என்றும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிரான்சு தேசத்தில் அப்பேர் என்ற மிட்டாய்க்காரர், உணவைக் கண்ணாடிப் புட்டியில் இட்டு, மூடி, கொதிநீரில் வேகவைத்தால் மாதக்கணக்கில் கெடுவதில்லை என்று காட்டினார். 1810-ல் நெப்போலியன் சர்க்கார் அவருக்கு 12,000 பிராங்க் பரிசு கொடுத்தது. புட்டி பிறகு தகர டப்பா ஆயிற்று. இரண்டாவது உலக யுத்தத்தில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு, ஒரு நாளைக்குரிய மூன்று வேளை ஆகாரத்தையும் சட்டைப் பையில் அடங்கும் மூன்று பெட்டிகளாகக் கட்டிக் கொடுத்தார்கள். இன்று அவர்கள் கொடுக்கும் ஒருவேளைப் பொட்டலம் ஒன்றிலேயே சுமார் 1,250 கலோரி இருக்கிறது.

சத்து மட்டும் இருந்தால் போதுமா? முதல் உலக யுத்தத்தில் மெசபொடேமியாவிலுள்ள கூட் என்ற ஊரில், 1915 டிசம்பர் முதல் 1916 ஏப்ரல் வரையில், ஆங்கிலச் சைனியம் ஒன்று துருக்கியரின் முற்றுகையில் சிக்கிக்கொண்டது. அதில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். உணவு தீர்ந்தபோது குதிரைகளை அறுத்தார்கள். நம்மவர்களில் பலர் நெடுநாள் அந்த மாமிசத்தைத் தொட மறுத்துப் பட்டினி கிடந்தார்கள். சாப்பிடுகிறவனுடைய நாக்கும் மனமும் ஏற்காத பொருளை ஆகாரம் என்று கணக்கில் எழுதி என்ன பயன்?

சுதந்திர இந்தியா இந்த விஷயத்தைச் சரியான பக்கத்திலிருந்து தொடங்கிற்று என்றே சொல்ல வேண்டும். ராணுவ உணவு ஆராய்ச்சிக்கென்று மைசூரில் 1961-ல் ஒரு சோதனைச்சாலை நிறுவினார்கள். சியாச்சின் பனியிலும் ராஜஸ்தான் மணலிலும் நிற்கும் சிப்பாய்க்கு நம் வீட்டுச் சாப்பாட்டையே எப்படிக் கெடாமல் அனுப்புவது என்பதுதான் அதன் வேலை. மாதக்கணக்கில் மிருதுவாக இருக்கும் சப்பாத்தி, மாம்பழத்தைக் கூழாக்கி உலர்த்திய கட்டி, வெந்நீர் ஊற்றினால் ஆகிவிடும் உப்புமா எல்லாம் அங்கே பிறந்தவை. ராகேஷ் சர்மா 1984-ல் ஆகாயத்துக்கு அப்பால் பிரயாணம் செய்தபோது அவருடன் சென்ற சூஜி ஹல்வாவும் அந்தச் சோதனைச்சாலைத் தயாரிப்பே. நம் ரவா கேசரிக்கு ஒன்றுவிட்ட சகோதரன் பூமியைச் சுற்றி வந்திருக்கிறான்!

இதன் சூட்சுமம் அந்தப் பளபளக்கும் பையில் இருக்கிறது. பாலியெஸ்டர், அலுமினியத் தகடு, பாலிப்ராப்பிலீன் ஆகியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய பை அது. காற்றும் வெளிச்சமும் ஈரமும் உள்ளே போகா. உணவை அதில் இட்டு ஒட்டி, பிறகு அழுத்தமுள்ள நீராவியில் சுமார் 121 டிகிரி சூட்டில் வைக்கிறார்கள். நம் அடுப்பில் கொதிக்கும் தண்ணீரின் சூடு 100 டிகிரியோடு நின்றுவிடும். காற்றில்லாத இடத்தில் வளர்ந்து கொடிய விஷம் உண்டாக்கும் ஒருவகைக் கிருமியின் வித்து அந்தச் சூட்டில் சாவதில்லை. ஆகையால் கெட்டிக்கார இல்லத்தரசிகள் யாரும் சாம்பாரைப் புட்டியில் அடைத்துப் பரிசோதனை செய்ய வேண்டாம். ஊறுகாய் வேறு, அதைப் புளிப்பும் உப்பும் எண்ணெயும் காக்கின்றன.

மலையேறவும் காட்டில் கூடாரம் அடிக்கவும் போகிற வாலிபர்கள் இப்போதெல்லாம் ராணுவப் பொட்டலம் என்று கேட்டு வாங்குகிறார்கள். பல ஆராய்ச்சிகளின் பலனாகக் கடைகளிலேயே அதேவகைப் பைகளில் புலாவும் பருப்பும் விற்கும்போது, எங்கிருந்து வந்தது என்று தெரியாத பழைய ராணுவச் சரக்கை எதற்கு வாங்க வேண்டும்? அமெரிக்கப் பொட்டலங்களின் மேலேயே, இது சர்க்கார் சொத்து, வியாபாரத்துக்கு அல்ல என்று அச்சிட்டிருக்கிறது. வெயிலில் கிடந்த பொட்டலத்தின் ஆயுள் மேலே போட்ட தேதிக்கு முன்பே முடிந்துவிடும். பை உப்பியிருந்தால் முகர்ந்துகூடப் பார்க்காமல் எறிந்துவிட வேண்டும். அடுப்பில்லாமல் சூடாக்க அவற்றில் ஒரு பை வருகிறது; மெக்னீசியப் பொடியில் தண்ணீர் பட்டுச் சூடு உண்டாகும்போது தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயுவும் வரும். சாத்திய அறைக்குள் அதைப் பிரிப்பது புத்திசாலித்தனமன்று.

இதெல்லாம் காட்டுக்குப் போகிறவர்கள் சமாசாரம், வீட்டோடு இருக்கிற நமக்கென்ன என்று நினைக்கலாம். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையில் வசிக்கிறவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். 2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை அந்தக் கரையோரக் குப்பங்களுக்குள் புகுந்தது. 2015 டிசம்பரில் பட்டணம் முழுவதும் வெள்ளம். அப்போது மைசூரிலுள்ள மத்திய உணவு ஆராய்ச்சி நிலையம் சப்பாத்தியும் அவலும் பொட்டலம் பொட்டலமாகச் சென்னைக்கு அனுப்பிற்று. அம்மா உணவகங்களில் சில நாட்கள் காசு வாங்காமல் சோறு போட்டார்கள். கஞ்சித்தொட்டி மறுபடி வந்தது போலத்தான்.

2023-ம் வருஷ டிசம்பரோ அந்த வட்டாரத்தை இரண்டு முறை சோதித்தது. முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல். கொசஸ்தலை ஆற்று வெள்ளத்தோடு மணலித் தொழிற்சாலைப் பக்கத்து எண்ணெயும் கலந்து வந்து, எர்ணாவூர் முதலிய இடங்களில் வீட்டுக்குள்ளேயே புகுந்தது. படகும் வலையும் கறுத்தன. எண்ணெய் தோய்ந்த அரிசியைக் கழுவித் தின்ன முடியுமா? மூன்று வாரம் கழித்து, 26-ம் தேதி நள்ளிரவில், பெரியகுப்பத்தருகே உரத் தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா வாயு கசிந்தது. கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். அந்த வேளையில் யார் அடுப்பை மூட்டிச் சோறு வடிப்பது?

வெள்ளத்தில் மின்சாரம் போகிறது. காஸ் சிலிண்டர் நனைகிறது. குழாய்த் தண்ணீரை நம்ப முடிவதில்லை. படகிலோ ஹெலிகாப்டரிலோ உதவி வருவதற்குள் ஒன்றிரண்டு நாள் ஓடிவிடுகிறது. அந்த இடைவெளிக்கு வேண்டிய உணவு எது? நெருப்பில்லாமல் தின்னக்கூடியது, குழந்தையும் கிழவரும் மறுக்காதது, ஒரு கையால் தூக்கிக்கொண்டு ஓடக்கூடியது. இதற்கு மைசூருக்குப் போக வேண்டியதில்லை. மளிகைக் கடை போதும்.

ஒருவருக்கு ஒரு நாளைக்கு அவல் 200 கிராம், பொட்டுக்கடலை 100, வெல்லம் 100, வறுத்த வேர்க்கடலை 100. ஆகமொத்தம் அரைக் கிலோ. டெம்பிள் துரையின் ராத்தலைவிடச் சற்றுத்தான் அதிக நிறை. ஆனால் இதில் சக்தி 2,000 கலோரி. தசையை வளர்க்கும் புரதம் சுமார் 60 கிராம், அதாவது அவருடைய தானியத்தில் இருந்ததைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. டாக்டர் கார்னிஷ் கேட்ட பருப்பு இதில் கடலை ரூபத்தில் இருக்கிறது. நான்கு பேருள்ள குடும்பத்துக்கு மூன்று நாளைக்கு 6 கிலோ. கெட்டி அவல் பச்சைத் தண்ணீரிலேயே அரைமணிக்குள் ஊறிவிடும். கடலையையும் வெல்லத்தையும் உருண்டையாகவே பிடித்து வைத்தால் ஓடுகிற ஓட்டத்தில் வாயில் போட்டுக்கொள்ளலாம். சர்க்கரை வியாதிக்காரர் இருக்கும் வீட்டில் வெல்லத்தைக் குறைத்துக் கடலையைக் கூட்ட வேண்டும். அவருடைய மாத்திரைகளும் இதே மூட்டையில் இருக்க வேண்டும். கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் இருக்குமானால் அதைவிட உசத்தியான ஆபத்துக்கால ஆகாரம் இல்லை. அசுத்தத் தண்ணீரில் கலக்கிய பால் பவுடர் பட்டினியைவிடப் பொல்லாதது.

தண்ணீர்தான் கனமான சங்கதி. குடிக்க மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டராவது வேண்டும். நால்வருக்கு மூன்று நாளைக்கு 36 லிட்டர். மழை எச்சரிக்கை கேட்டவுடனே மூடியுள்ள குடங்களில் பிடித்து உயரத்தில் வைத்துவிடுவது மேல். குளோரின் மாத்திரை ஒரு பட்டை, அதன் மேலே எழுதியிருக்கிற அளவோடு, சம்புடத்துக்குள் கிடக்கட்டும்.

இறுக்கமான மூடி போட்ட தகர டின்னோ எவர்சில்வர் தூக்கோ எதுவானாலும் சரி, அதைப் பரணில் வையுங்கள், தரையில் வேண்டாம். எண்ணூர்ப் பக்கத்தில் தரைமட்டத்தில் இருந்த அரிசி என்ன ஆயிற்று என்று பார்த்தோம். ஐப்பசி பிறக்கு முன் நிரப்பி, மூடியில் தேதி எழுதி ஒட்டிவிட வேண்டும். தை பிறந்ததும் டின்னை இறக்கி, அவலை உப்புமாவுக்கும் கடலையைச் சட்னிக்கும் செலவழித்துவிடலாம். வேர்க்கடலையை மட்டும் அதற்கு முன்பே ஒருமுறை எடுத்துக் கடித்துப் பாருங்கள். காறல் வாடை முதலில் தட்டுவது அதில்தான்.