உணவகக் கூரையில் சூரிய மின்சாரம்: எத்தனை கிலோவாட் போதும்?

நெசவோடும் பயிர்த் தொழிலோடும் சிறு உணவகம் ஒன்றையும் நடத்திவரும் குடும்பங்கள் நம் அங்கத்தினரிடையே பல உண்டு. கடைக் கூரையில் சூரிய மின்தகடுகள் அமைப்பதற்குக் கடன் பெறலாமா என்று அவர்களில் சிலர் விசாரித்து வருகின்றனர். மின்கட்டணச் சுமையைக் குறைக்க இது நல்ல வழியே. ஆயினும், அளவறிந்து அமைத்தால்தான் மிச்சமாகும் பணத்தைக் கொண்டே கடனை அடைக்க முடியும். அளவு மிஞ்சினால் தவணை கைப்பணத்தைத் தின்னத் தொடங்கும்.

ஒரு கிலோவாட் அமைப்புக்கு நிழல் விழாத கூரை உத்தேசமாக 100 சதுர அடி வேண்டும். நம் நாட்டு வெயிலில் அது நாளொன்றுக்குச் சராசரி 4 யூனிட் தரும். தகடுகள் தெற்கு நோக்கிச் சற்றே சாய்ந்திருத்தல் நலம். அப்போதைக்கப்போது கடைக்கு வேண்டியது போக எஞ்சும் மின்சாரம் மின்வாரியக் கம்பிக்குச் செல்லும். இரவில் அக்கம்பியிலிருந்தே நாம் மின்சாரம் பெறுவோம்.

இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. தமிழ்நாட்டில் வணிக இணைப்பு உடையோர் கொடுக்கும் யூனிட்டின் மதிப்பு, அவர்கள் வாங்கும் யூனிட்டின் விலையைவிடக் குறைவு. கணக்கு எளிதாக இருக்கும்பொருட்டு, வாங்குவது 10 ரூபாய், கொடுப்பது 3 ரூபாய் என வைத்துக்கொள்வோம். ஓர் உணவகம் நாளொன்றுக்கு 20 யூனிட் செலவிடுகிறது. அதற்கு 5 கிலோவாட் வேண்டும் என்று விற்பனையாளர் கூறுவார். ஆனால் காலைச் சிற்றுண்டி விடியுமுன் தயாராகிறது. இரவு வியாபாரம் விளக்கு வைத்தபின் நடக்கிறது. காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை ஆகும் செலவு 9 யூனிட்டே என்று கொள்வோம்.

5 கிலோவாட் அமைத்தால், கடையில் பயன்படும் 9 யூனிட்டுக்கு 90 ரூபாயும், வெளியே செல்லும் 11 யூனிட்டுக்கு 33 ரூபாயும் சேர்ந்து நாள் ஆதாயம் 123 ரூபாய். 3 கிலோவாட் மட்டும் அமைத்தால், 9 யூனிட்டுக்கு 90 ரூபாய், எஞ்சிய 3 யூனிட்டுக்கு 9 ரூபாய், ஆக 99 ரூபாய். கூடுதல் 2 கிலோவாட்டுக்குக் கடன் வாங்கிச் செலவிட்டும் கிடைப்பது 24 ரூபாயே!

இதற்கு மாறாக, மாலையில் மாவரைக்கும் வேலையையும், மேல்தொட்டிக்கு நீரேற்றும் வேலையையும் பிற்பகலுக்கு மாற்றி, 2 யூனிட் செலவைப் பகலுக்குக் கொணர்ந்தால், அதே 3 கிலோவாட்டில் ஆதாயம் 113 ரூபாய் ஆகிவிடும். கோடையில் மாவு முந்திப் புளிக்காதபடி அரைக்கும் நேரத்தைச் சமையற்காரரே நிர்ணயிக்கட்டும்.

உணவகக் கூரைக்கே உரிய தொல்லைகளும் உண்டு. புகைபோக்கியிலிருந்து வரும் கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் தகட்டில் படிந்தால் உற்பத்தி குறையும். ஆதலால் தகடுகளைப் புகைபோக்கியை விட்டு விலக்கி அமைத்து, வெயில் ஏறுமுன் அவ்வப்போது கழுவி வரவேண்டும். தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு தகட்டின்மேல் விழுந்தாலும் அதனுடன் தொடராக இணைந்த வரிசை முழுவதன் உற்பத்தியும் குறையக்கூடும். வாடகைக் கட்டடமாயின் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்து மூலம் பெறுதல் அவசியம்.

பாட்டரி இல்லாத அமைப்பு, மின்தடையின்போது தானும் நின்றுவிடும். கம்பியில் பழுது பார்க்கும் ஊழியர் மீது நம் கூரை மின்சாரம் பாயாதிருக்கவே இந்த ஏற்பாடு. இதை அறியாமல், மின்தடைக்கு மருந்தாக எண்ணி வாங்குவோர் ஏமாற்றமடைவர். பாட்டரி வேண்டுமாயின் அதன் விலை தனி.

மானியம் பற்றியும் ஜாக்கிரதை தேவை. 2024-ஆம் வருஷம் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. அது வீட்டு இணைப்புக்கே உரியது, கடை இணைப்புக்கு அன்று. கடைக்கும் கிடைக்கும் என்று எவரேனும் கூறினால் நம்பிக் கையெழுத்திட வேண்டாம். கொடுக்கும் யூனிட்டின் மதிப்பு என்ன, வேறு கட்டணம் உண்டா என்பவற்றை மின்வாரிய அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே முன்பணம் கொடுக்க வேண்டும்.

மாதத் தவணை, மாத ஆதாயத்திற்கு மேற்படலாகாது. மேற்சொன்ன கணக்கில் அது 3,390 ரூபாய். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் உற்பத்தி குறையுமாதலால், கோடை ஆதாயத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி வைத்தல் விவேகம்.

ஆகவே, விண்ணப்பம் எழுதுமுன் ஒரு வாரம் நாள்தோறும் காலை 9 மணிக்கும் மாலை 4 மணிக்கும் மீட்டரைப் பார்த்து நோட்டில் குறித்து வாருங்கள். அவ்விரு எண்களின் வித்தியாசமே உங்கள் கடையின் பகற்செலவு. அதற்கேற்ற அளவே உங்களுக்குத் தக்க அளவு.