டாக்டர் பேனாவை மூடும் முன்னே...

மாலை ஆறு மணி. எங்கள் பேட்டை டாக்டரின் வாசலில் செருப்புகள் இறைந்து கிடக்கின்றன. அவற்றை எண்ணினாலே உள்ளே எத்தனை பேர் என்று கணக்குச் சொல்லிவிடலாம். என் அத்தைக்கு 37-ம் நம்பர் டோக்கன். உள்ளே போயிருப்பது 11!

காத்திருக்கும் நேரத்தில் வெளியே நடக்கும் வைத்தியம் இருக்கிறதே, அது உள்ளே நடப்பதைவிடப் பெரிது. ஒருவர் சுக்குக் கஷாயம் சொல்கிறார். இன்னொருவர் கைப்பேசியைத் தடவிப் பார்த்து, பக்கத்தில் இருப்பவரின் நோய்க்குப் பெயரே வைத்துவிடுகிறார். "வெறும் மாத்திரைதான் எழுதினார், ஒரு ஊசி கூடப் போடவில்லை!" என்று முணுமுணுத்துக்கொண்டே வருகிறார் மற்றொருவர். அவருக்கு வெறும் ஜலதோஷம். வைரஸால் வரும் அதை ஆன்டிபயாடிக் மருந்து ஒன்றும் செய்யாது. ஒரு வாரம், பத்து நாளில் அதுவாகவே போய்விடும். இதை விளக்க டாக்டருக்கு நேரம் இல்லை. கேட்க நமக்குப் பொறுமை இல்லை.

இரண்டு மணி நேரம் கழித்து அத்தையின் முறை வந்தது. நான் வெளியே உட்கார்ந்து பழைய பத்திரிகை ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அரைக்கதவு வழியாகப் பேச்சு காதில் விழுந்தது.

"என்னம்மா உடம்புக்கு?"

"முழங்கால் வலி, டாக்டர். அப்புறம்..."

"எத்தனை நாளாக?"

பேனா ஓடியது. மருந்துச் சீட்டு கிழிந்தது. மணி அடித்தது. "நம்பர் 38!"

ஆட்டோவில் ஏறியதும் அத்தை மெதுவாகச் சொன்னாள்: "முக்கியமானதைச் சொல்லவே இல்லையடா. நாலு நாளாக, மாடிப்படி ஏறினால் நெஞ்சை ஏதோ அழுத்துகிறது. நின்றால் போய்விடுகிறது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன் அத்தை, டாக்டரிடம் சொல்ல வேண்டாமா?"

"அவர்தான் பேனாவை மூடிவிட்டாரே! அதற்கப்புறம் எப்படியடா சொல்வது?"

பதினெட்டு விநாடி

இது என் அத்தையின் கதை மட்டுமல்ல. 1984-ல் அமெரிக்காவில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள், டாக்டரும் நோயாளியும் பேசுவதை ஒலிப்பதிவு செய்து கேட்டார்கள். நோயாளி வாய் திறந்து சராசரி 18 விநாடியில் டாக்டர் குறுக்கிட்டுவிடுகிறார்! 'விட்டால் நாள் பூராவும் பேசுவார்களே' என்பது டாக்டர்களின் பயம். அதையும் ஸ்விட்ஸர்லாந்தில் சோதித்துப் பார்த்து, 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். குறுக்கிடாமல் விட்டபோது நோயாளிகள் சராசரி 92 விநாடியில் தாமாகவே பேசி முடித்தார்கள். நூற்றுக்கு 78 பேருக்கு இரண்டு நிமிஷம் போதுமாக இருந்தது.

ஆனால் அந்த இரண்டு நிமிஷத்துக்கு எங்கே போவது? 67 நாடுகளின் கணக்கைச் சேர்த்து 2017-ல் வெளியான ஆய்வின்படி, ஸ்வீடன் டாக்டர் ஒரு நோயாளிக்கு 22 நிமிஷத்துக்கு மேல் ஒதுக்குகிறார். பங்களாதேஷில் 48 விநாடி. நம் நாட்டில் மொத்தமே சுமார் இரண்டு நிமிஷந்தான்!

மறுநாள் காலை

டோக்கனுக்கு நிற்காமல், விஷயத்தைச் சொல்லி முதலிலேயே உள்ளே போனோம். இந்தத் தடவை நானும் கூடப் போனேன். அத்தை ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினாள். முதல் வரியைப் படித்ததும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அங்கேயே ஈ.சி.ஜி. எடுத்தார். ஒரு மணி நேரத்துக்குள் அத்தை இருதய ஆஸ்பத்திரியில் இருந்தாள். ரத்தக் குழாய் ஒன்றில் அடைப்பு இருந்தது. நல்ல வேளை, தக்க சமயத்தில் பிடித்துவிட்டார்கள்.

பிறகு நன்றி சொல்லப் போனபோது டாக்டர் தலை குனிந்தார். "பேனாவை மூடியது என் தப்புத்தான், ஸார். அன்றைக்கு எனக்கு எண்பது டோக்கன்!"

நான் என்ன சொல்வது? மருத்துவத்துக்கு நான்கு அங்கங்கள் என்று வகுத்தார் வள்ளுவர்: நோயாளி, வைத்தியர், மருந்து, பக்கத்திலிருந்து கவனிப்பவர். அந்த நான்காமவன் அன்று வாசலில் பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்தானே!

டாக்டருக்கு நேரம் கூட்டிக் கொடுக்க நம்மால் முடியாது. கிடைக்கும் நேரத்தை வீணாக்காமல் இருக்கலாம். போகும் முன் ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எதற்காக மனசு அதிகம் பயப்படுகிறதோ, அது முதல் வரி. எப்போதிலிருந்து, என்ன செய்தால் அதிகமாகிறது, எதில் குறைகிறது என்பது அடுத்தது. சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும், நாட்டு மருந்து உட்பட, எழுதுங்கள். எழுந்திருக்கும் முன், "எத்தனை நாளில் குணம் தெரியும்? எப்படி இருந்தால் திரும்பி வரவேண்டும்?" என்று கேளுங்கள். சீட்டு புரியாவிட்டால் கூசாமல் கேளுங்கள். மருந்தின் பெயரைத் தெளிவாக எழுத வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலே 2016-ல் விதி செய்தது. ஆனால் நெஞ்சு அழுத்தம் விடாமல் நீடித்தால் காகிதமும் வேண்டாம், டோக்கனும் வேண்டாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

போன வாரம் அத்தையை மறுபடி அழைத்துப் போனேன். டாக்டர் எழுதி முடித்தார், பேனாவை மூடவில்லை. மூடியை இடது கையில் வைத்துக்கொண்டு, "வேறே ஏதாவது உண்டா, அம்மா?" என்று கேட்டார்.

"உண்டு, டாக்டர்" என்றாள் அத்தை. "அந்த முழங்கால் வலி அப்படியே இருக்கிறது!"