விரிசலின் அகலமும் வெந்நீரின் வழியும்

இலங்கையில் திருகோணமலைக்கு அருகே கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள்ளன. எரிமலையே இல்லாத ஊரில் வெந்நீர் எப்படி என்று ஒன்பதாம் வகுப்பில் கேட்டேன். "அடியில எரிமலை ஒளிஞ்சிருக்கும் சார்" என்றான் ஒருவன். எரிமலை தேவையில்லை. பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பம் கூடுகிறது. மழைநீர் பாறை விரிசல் வழியே ஆழத்துக்கு இறங்கிச் சூடேறி, ஆறுவதற்குள் வேறொரு விரிசல் வழியே மேலேறினால் அதுவே வெந்நீரூற்று.

இதை மின்சாரத்துக்காகச் செய்து பார்க்கும் முயற்சி 1970களில் அமெரிக்காவின் ஃபென்டன் ஹில்லில் தொடங்கியது. பிரான்சில் சுல்ட்ஸ் என்ற ஊரில் 5 கிலோமீட்டர் ஆழத்துக் கிரானைட் பாறை சுமார் 200 டிகிரி வெப்பத்தில் இருக்கிறது. ஒரு கிணற்றில் நீரை அழுத்தி இறக்கி, விரிசல்களில் ஓடவிட்டு, இன்னொரு கிணற்றில் வெந்நீராக எடுக்கிறார்கள்.

விரிசலின் அருமை நம் மாணவர்களுக்குத் தெரியும். சிங்கம்புணரி, பிரான்மலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் போர் போட்டால் புழுதிதான் பறக்கும். பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் பீறிடும்.

விரிசலின் அகலம் இரு மடங்கானால் அதில் ஓடும் நீர் எட்டு மடங்காகும். அகலத்தின் மும்மடிக்கு ஏற்ப ஓட்டம் மாறுகிறது. இதை வகுப்பிலேயே காட்டலாம். இரு கண்ணாடித் தகடுகளின் இரு ஓரங்களிலும் பழைய ஏடிஎம் அட்டையை வெட்டி வைத்து, கிளிப் போட்டு நிமிர்த்தி நிறுத்துங்கள். மேலிருந்து விளக்கெண்ணெயைக் குறையாமல் ஊற்றி, ஒரு நிமிடத்தில் கீழே சேர்வதை அளக்கவும். பிறகு இரண்டு அட்டை கனத்தில் மறுபடி. (தண்ணீர் வேண்டாம், வேகமாக ஓடிக் கணக்கைக் கெடுக்கும்.) எங்களுக்குச் சரியாக எட்டு வரவில்லை, ஆனால் எட்டை ஒட்டி வந்தது.

இனி ஒரு கணக்கு. மூன்று விரிசல்கள்: 1 மி.மீ., 1 மி.மீ., 2 மி.மீ. ஓட்டம் 1 : 1 : 8. பத்தில் எட்டுப் பங்கு நீர் ஒரே விரிசலில் போய்விடும். அந்த வழிப் பாறை சீக்கிரம் குளிர்ந்துவிடும். மற்ற பாறையின் வெப்பம் தொடப்படாமலே கிடக்கும். பல கோடி செலவழித்துத் தோண்டிய கிணற்றில் வெதுவெதுப்பான நீர்தான் வரும்.

ஆழத்து விரிசலை யாரும் நேரில் அளக்க முடியாது. கிணற்றில் தென்படும் விரிசல்களின் திசை, நெருக்கம், அகலம் ஆகியவற்றைக் கொண்டு ஆயிரக்கணக்கான கற்பனை விரிசல்களைக் கணினியில் அமைத்து, நீரை ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். பிறகு உண்மையான கிணற்றில் சாயம் கலந்து இறக்கி, மறுகிணற்றில் அது தெரியும் நாளைக் குறிக்கிறார்கள். பத்து நாளில் வரும் என்று கணினி சொன்ன சாயம் இரண்டே நாளில் வந்துவிட்டால், எங்கோ ஓர் அகல விரிசல் கணக்கில் விடுபட்டிருக்கிறது.