ஒரு மாலுமியின் கையைக் கவனித்தவர்

1982-ஆம் ஆண்டு. டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்த புதிது. மத்திய இந்தியாவில் காட்டுக்கும் மலைக்கும் நடுவே ஓடிய ஒரு பாதையின் பராமரிப்பு வேலைக்கு என்னை அனுப்பியிருந்தார்கள். எங்கள் கேங்கில் ஒரு மேட் இருந்தார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். சம்பளப் பட்டியலில் பெருவிரல் ரேகைதான். ஆனால் தண்டவாளத்தின் மேல் குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தாரென்றால், முப்பது மீட்டர் தள்ளி எந்த ஸ்லீப்பர் எத்தனை மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். நான் கருவியை வைத்து அளந்து பார்ப்பேன். ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே இருந்தால் அதிகம்.

"எப்படி இது?" என்று கேட்டால், "ஆதத் ஹை, சாஹேப்" என்று சிரிப்பார். பழக்கம், ஐயா. நானும் சிரித்துவிட்டு என் டிராலியில் ஏறிப் போய்விடுவேன். சில வருடங்களில் அவர் ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். அந்தப் பார்வையும் அவரோடு போய்விட்டது. புதிதாக வந்த பையன்களுக்கு அதைச் சொல்லிக் கொடுக்க எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

நான் ஓய்வு பெற்ற பிறகு பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஒருவரின் வரலாற்றைப் படித்தேன். பெயர் பெர்ஸி ஸ்காட். படித்ததிலிருந்து அந்த மேட்டின் முகம் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. காரணத்தைச் சொல்கிறேன்.

ஸ்காட் 1853-இல் லண்டனில் பிறந்தவர். 1866-இல், பதின்மூன்று வயதில் கடற்படையில் பயிற்சி மாணவராகச் சேர்ந்தார். உலகிலேயே பெரிய கடற்படை அன்று பிரிட்டனுடையது. ஆனால் அதன் பீரங்கிகள் குறி தவறாமல் சுடுமா என்று கேட்டால் பதில் வெட்கக்கேடானது. 1882-இல் எகிப்தின் அலெக்ஸாண்ட்ரியா கோட்டைகள் மீது பிரிட்டிஷ் கப்பல்கள் சுமார் 3,000 குண்டுகளை வீசின. கோட்டையின் பீரங்கிகளை நேராகத் தாக்கியவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். இருந்தும் யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கப்பலின் பித்தளை பளபளக்கிறதா, பெயின்ட் புதிதாக இருக்கிறதா என்பதில்தான் ஒரு கேப்டனின் பதவி உயர்வு இருந்தது. பீரங்கி சுட்டால் புகை படியும், பெயின்ட் கெடும் என்று பயிற்சிக் குண்டுகளைச் சத்தமில்லாமல் கடலில் தள்ளிவிட்ட கப்பல்களும் உண்டு என்று சொல்வார்கள்.

கடலில் குறி பார்ப்பது ஏன் இத்தனை கடினம்? ஊஞ்சலில் ஆடிக்கொண்டே எதிர்ச் சுவரில் உள்ள ஓர் ஆணியைக் கல்லால் அடிக்க முயன்று பாருங்கள், புரியும். அலையில் கப்பல் இப்படியும் அப்படியும் சாய்கிறது. பீரங்கியும் அதோடு மேலும் கீழும் போய் வருகிறது. ஆகவே பீரங்கியை ஒரு கோணத்தில் நிறுத்திவிட்டு, கப்பல் சாயும்போது இலக்கு பார்வைக்கு நேரே வரும் ஒரு கணத்துக்காகக் காத்திருந்து விசையை இழுப்பார்கள். மனிதனின் கண் பார்த்து, மனம் தீர்மானித்து, விரல் அசைவதற்குள் அந்தக் கணம் தாண்டிப் போயிருக்கும். "கடல் அப்படித்தான்" என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

1898-இல் ஸ்காட், மத்தியதரைக் கடலில் 'ஸ்கில்லா' என்ற குரூஸரின் கேப்டன். ஒரு நாள் கடல் கொந்தளிப்பாக இருந்தபோது சுடும் பயிற்சி நடந்தது. வழக்கம்போல் எல்லோரும் குறி தவறினார்கள். ஒரே ஒரு பீரங்கி மட்டும் மற்றவற்றைவிட நன்றாகச் சுட்டது. வேறு கேப்டனாக இருந்தால் "சபாஷ்" என்று தட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். ஸ்காட் அந்த மாலுமியின் அருகே நின்று அவன் கையைக் கவனித்தார். பீரங்கியை ஏற்றி இறக்கும் கைச்சக்கரத்தை அவன் நிறுத்தாமல் முன்னும் பின்னும் சுழற்றிக்கொண்டே இருந்தான். கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தால் அதற்கு எதிராகச் சக்கரத்தைத் திருப்பி, இலக்கைப் பார்வையை விட்டு நழுவ விடாமல் பிடித்து வைத்திருந்தான். தான் புதிதாக ஏதோ செய்கிறோம் என்பது அவனுக்கே தெரியாது. என் மேட் சொன்ன அதே 'பழக்கம்'தான்.

ஸ்காட் செய்த பெரிய காரியம் இதற்கு அடுத்ததுதான். ஒருவனுக்குக் கை வந்தது எல்லோருக்கும் வர வேண்டுமென்றால் என்னென்ன வேண்டும் என்று பொறியாளரைப் போல யோசித்தார். சக்கரம் கனமாகச் சுழன்றதால் பல்சக்கரங்களின் விகிதத்தை மாற்றி, வேகமாக ஏற்றி இறக்க வழி செய்தார். நல்ல தொலைநோக்கிகளைப் பார்வைக் கருவியாகப் பொருத்தினார். பயிற்சிக்கு 'டாட்டர்' என்ற ஒரு சிறு கருவியைச் செய்தார். ஒரு பலகையில் இலக்கின் அடையாளம் மேலும் கீழும் அசையும். மாலுமி சக்கரத்தைச் சுழற்றி அதைத் தொடர்ந்துகொண்டே விசையை அழுத்த வேண்டும். அழுத்தும்போதெல்லாம் ஒரு பென்சில் அட்டையில் புள்ளி வைக்கும். குண்டும் செலவில்லை, மருந்தும் செலவில்லை, துறைமுகத்தில் நிற்கும்போதே தினமும் பழகலாம். எத்தனை புள்ளி எங்கே விழுந்தது என்பதை அன்றே மாலுமி தன் கண்ணால் பார்க்கலாம். குண்டை வேகமாக நிரப்பிப் பழகுவதற்கும் தனியாக ஒரு போலிப் பீரங்கி வைத்தார்.

1899 ஆண்டுப் போட்டியில் ஸ்கில்லா 70 குண்டுகள் சுட்டு 56-ஐ இலக்கில் போட்டது. நூற்றுக்கு எண்பது. கடற்படை முழுவதிலும் அன்றைய சராசரி நூற்றுக்கு முப்பது சொச்சம்தான். பலர் நம்ப மறுத்தார்கள். அடுத்து 'டெரிபிள்' என்ற பெரிய குரூஸருக்கு மாற்றப்பட்டபோது, அங்கேயும் அதே கதைதான். கப்பல் வேறு, ஆட்கள் வேறு, பலன் ஒன்று. ஆகவே இது அதிர்ஷ்டமல்ல, முறை என்பது நிரூபணமாயிற்று.

டெரிபிளில் சீனா போகும் வழியில் தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம் வந்துவிட்டது. போயர்களின் நீண்ட தூரப் பீரங்கிகளுக்கு ஈடு கொடுக்கப் பிரிட்டிஷ் ராணுவத்திடம் ஒன்றுமில்லை. கப்பல் பீரங்கிகளுக்கு அவசர அவசரமாக மரத்தாலும் இரும்பாலும் சக்கர வண்டிகளை வடிவமைத்து, ஸ்காட் தரைக்கு அனுப்பினார். முற்றுகையிடப்பட்ட லேடிஸ்மித் நகரம் 1900 பிப்ரவரி இறுதி வரை தாக்குப் பிடித்ததில் அவற்றுக்குப் பங்குண்டு. அந்த நகரை மீட்கப் போன படைக்குப் பின்னால்தான் காந்திஜி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படை ஸ்ட்ரெச்சர் சுமந்தது. சுமார் 1,100 பேரில் பெரும்பாலோர் நேட்டாலின் ஒப்பந்தக் கூலிகள். யாருடைய சாம்ராஜ்யத்துக்காக யார் சுமந்தார்கள் என்பதை நாம் மறக்க வேண்டியதில்லை. ஸ்காட்டின் திறமையும் அந்தச் சாம்ராஜ்யத்தின் கருவிதான். அதைத் தெரிந்துகொண்டே அவரிடம் கற்க வேண்டியதைக் கற்கலாம்.

சீனக் கடலில் அமெரிக்க லெப்டினன்ட் வில்லியம் ஸிம்ஸ் இந்த முறையைப் பார்த்து அசந்து, தன் கடற்படைத் தலைமைக்கு அறிக்கை மேல் அறிக்கை அனுப்பினார். வாஷிங்டனில் ஒரு சோதனை செய்துவிட்டு, "சக்கரத்தை அத்தனை வேகமாகச் சுழற்ற மனிதனால் முடியாது" என்று பதில் சொன்னார்கள். சோதனையை எங்கே செய்தார்கள் தெரியுமா? கட்டாந்தரையில்! தரையில் பீரங்கியின் முழு எடையையும் ஆள்தான் அசைக்க வேண்டும். கடலில் அப்படியல்ல. கனமான பீரங்கி தன் சடத்துவத்தால் இருந்த நிலையிலேயே இருக்கப் பார்க்கும். அதைச் சுற்றிக் கப்பல்தான் சாய்கிறது. பத்தாம் வகுப்பில் படிக்கும் நியூட்டனின் முதல் விதி. ஸிம்ஸ் விடவில்லை. நேரே ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கே எழுதினார். 1902-இல் அமெரிக்கக் கடற்படையின் சுடும் பயிற்சிக்கு அவரையே பொறுப்பாளராக்கினார்கள்.

பிரிட்டனில் ஸ்காட்டைக் கை தூக்கிவிட்டவர் அட்மிரல் ஃபிஷர். இவர் இலங்கையின் ராம்பொடையில் பிறந்தவர் என்பது நம்மில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும். 1905-இல் கடற்படை முழுவதற்கும் சுடும் பயிற்சியின் இன்ஸ்பெக்டராக ஸ்காட்டை நியமித்தார். அவருடைய அடுத்த யோசனை இன்னும் பெரியது. கப்பலில் உள்ள ஒவ்வொரு பீரங்கியும் புகைக்கும் நுரைக்கும் நடுவே தனித்தனியாகக் குறி பார்ப்பதற்குப் பதிலாக, பாய்மரத் தண்டின் உச்சியில் ஒரே ஒருவர் குறி பார்க்கட்டும். கோணங்கள் மின்சாரம் மூலம் எல்லாப் பீரங்கிகளுக்கும் போகட்டும். அங்குள்ளவர்கள் முள் காட்டும் இடத்துக்குப் பீரங்கியைத் திருப்பினால் போதும். ஒரே விசையில் எல்லாம் வெடிக்கட்டும் என்றார். யார்டின் இந்த முனையில் ஒரு பாயின்ட்ஸ்மேன், அந்த முனையில் ஒரு பாயின்ட்ஸ்மேன் என்று இருந்த காலம் போய், ஒரே கேபினில் பேனலை வைத்து எல்லாப் பாயின்ட்டுகளையும் இயக்க ஆரம்பித்தோமே, கிட்டத்தட்ட அதே மாற்றம்தான்.

இதற்கும் ஏழெட்டு வருடம் இழுத்தடித்தார்கள். கடைசியில் 1912 நவம்பரில் ஒரே மாதிரியான இரண்டு போர்க்கப்பல்களை வைத்துப் போட்டி நடந்தது. புது ஏற்பாடு பொருத்திய 'தண்டரர்', பழைய முறையில் சுட்ட 'ஓரையன்' கப்பலைப் போல் சுமார் ஆறு மடங்கு இலக்கைத் தாக்கியது. அதன் பிறகும் அவசரம் காட்டவில்லை. 1914 ஆகஸ்டில் உலக யுத்தம் ஆரம்பித்தபோது எட்டுப் போர்க்கப்பல்களில்தான் அது பொருத்தப்பட்டிருந்தது.

தாமதத்துக்குப் பிறரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ஸ்காட்டின் வாயும் ஒரு காரணம். 1907 நவம்பரில் ஜெர்மன் சக்கரவர்த்தி வருகிறார் என்று கப்பல்களுக்கெல்லாம் பெயின்ட் அடிக்கத் தளபதி பெரஸ்ஃபோர்ட் உத்தரவிட்டிருந்தார். சுடும் பயிற்சியில் இருந்த ஒரு கப்பலுக்கு ஸ்காட் சிக்னல் அனுப்பினார்: இங்கே பீரங்கியைவிடப் பெயின்டுக்குத்தான் மதிப்பு, ஆகவே நீயும் வந்து அலங்காரம் செய்துகொள் என்ற தொனியில். தளபதி அவரை எல்லோர் முன்னிலையிலும் கண்டித்தார். விஷயம் பத்திரிகைகளில் ஏறி, கடற்படையே இரண்டு கட்சியாயிற்று. சொன்னதில் உண்மை இருந்தது. சொன்ன விதத்தால், இயந்திரத்தைப் பற்றிப் பேச வேண்டிய இடத்திலெல்லாம் பல வருடங்களுக்கு மனிதரைப் பற்றியே பேச்சு நடந்தது. என் உத்தியோக காலத்தில் நானும் இப்படி ஓரிரு நல்ல யோசனைகளை என் நாக்காலேயே கெடுத்துக்கொண்டதுண்டு. ஆகவே இந்த இடத்தில் அவரைக் கண்டு சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

1913-இல் அட்மிரலாக ஓய்வு பெற்றார். வீட்டில் சும்மா இருக்கவில்லை. 1914 ஜூனில் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலும் விமானமும் வந்துவிட்டன, இனிப் பெரிய போர்க்கப்பல்களுக்குக் காலமில்லை என்பது அதன் சாரம். பெரிய கப்பல்களின் பீரங்கிகளுக்காகவே ஆயுளைச் செலவிட்டவர் எழுதியது இது. கிழவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்கிற மாதிரி கேலி செய்தார்கள்.

மூன்றே மாதம். 1914 செப்டம்பர் 22. அன்று இரவு சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே எம்டன் வந்து குண்டு வீசி எண்ணெய்த் தொட்டிகளை எரித்தது நமக்கெல்லாம் தெரியும். கெட்டிக்காரப் பிள்ளையைப் பார்த்து "சரியான எம்டன்" என்று நம் பாட்டிமார்கள் சொல்லும்படி அந்தப் பெயர் தமிழில் தங்கிவிட்டது. அதே நாள் காலையில் வட கடலில் ஒரேயொரு ஜெர்மன் நீர்மூழ்கி, மூன்று பிரிட்டிஷ் குரூஸர்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒன்றரை மணி நேரத்துக்குள் மூழ்கடித்தது. 1,400-க்கும் அதிகமானோர் மாண்டார்கள். கேலி நின்றது. நவம்பரில் ஸ்காட்டைத் திரும்பக் கூப்பிட்டார்கள். மீதிக் கப்பல்களில் அவருடைய ஏற்பாட்டைப் பொருத்தும் வேலை வேகம் பிடித்தது. 1915-இல் லண்டனை ஜெர்மன் ஆகாயக் கப்பல்களிடமிருந்து காக்கும் பீரங்கிகளும் அவர் பொறுப்பில் வந்தன.

1916 மே 31-இல் ஜட்லண்ட் கடற்போர் நடந்தபோது, பெரும்பாலான பெரிய பிரிட்டிஷ் கப்பல்கள் ஸ்காட்டின் ஏற்பாட்டின்படிதான் சுட்டன. அந்தப் போரில் மாண்டவர்களில் அவருடைய மூத்த மகனும் ஒருவன். குண்டு குறி தவறாமல் விழ வேண்டும் என்று ஐம்பது வருடம் பாடுபட்ட ஒரு தகப்பனுக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கவே மனம் கூசுகிறது. எதிர்த் தரப்பிலும் குறி பார்க்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். 1924-இல் ஸ்காட் காலமானார்.

அட்மிரல், பேரனட் என்று பட்டங்கள் பெற்றவர். ஆனால் எனக்கு அவர் எப்போதும் அந்தக் கொந்தளிப்பு நாளில் ஒரு சாதாரண மாலுமியின் பக்கத்தில் நின்று, அவன் கை போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருக்கும் கேப்டனாகத்தான் தெரிகிறார். அந்த மாலுமியின் பெயரை வரலாறு குறித்து வைக்கவில்லை. கையின் வித்தையையாவது ஸ்காட் காப்பாற்றிக் கொடுத்தார்.

என் மேட்டுக்கு நான் அதைக்கூடச் செய்யவில்லை. ஒரு நாள் அவர் அருகில் குனிந்து, "தண்டவாளத்தில் எந்த விளிம்பைப் பார்க்கிறீர்கள், எங்கே முழங்காலிடுகிறீர்கள், வெயில் எந்தப் பக்கம் இருக்க வேண்டும்?" என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதியிருந்தால் போதும். அரை மணி நேர வேலை. நம் சங்கத்துப் பிள்ளைகள் இன்று எந்தெந்தத் தொழிற்சாலையிலோ அலுவலகத்திலோ இருப்பார்கள். அங்கேயும் யாரோ ஒருவர் மற்றவர்களுக்கு வராத ஒன்றைச் செய்துகொண்டு, கேட்டால் "பழக்கம்" என்று சிரித்துக்கொண்டிருப்பார். அவர் ஓய்வு பெறுவதற்குள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர் பக்கத்தில் போய் நில்லுங்கள்.